பாலறுகு வைத்த கை

சென்ற மாதம் என் பழைய வேலையிடத்துப் பிள்ளைகள் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்கும் நிலையம் அது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, போலீசில் வாக்குமூலம் கொடுக்கும்போது வெளியே காத்திருப்பது, நீதிமன்றத்தில் பக்கத்தில் இருப்பது, சட்டத்தில் என்னென்ன வழிகள் உண்டு என்று விளங்கப்படுத்துவது, இவைதான் அங்கே எங்கள் வேலை. இப்போது இருக்கிறவர்கள் எல்லோரும் படித்த பிள்ளைகள், அன்பானவர்கள். வழக்குப் போடுவதற்கும் நட்டஈடு கேட்பதற்கும் அந்தக் காலத்தில் இருந்த கெடுக்களைச் சட்டம் எடுத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பிறகு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நீங்கள் வென்ற வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

நான் சான்விச்சை மென்றபடி யோசித்தேன். வென்றவை இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது வேறொன்று. அது பிள்ளைகளின் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைக்கிற கதை இல்லை என்பதால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

நான் பாஷையூர்க்காரி. மொன்றியலுக்கு அகதியாக வந்து, சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் சட்டி பானை கழுவி, மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து, பிறகு மணித்தியாலக் கூலிக்கு ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்த்தேன். தமிழ்ப் பெண்கள் வரத் தொடங்கியதும் நிலையத்தில் எனக்கு நிரந்தர வேலை தந்தார்கள். பயிற்சி என்று சில கிழமைகள் ஓர் அறையில் இருத்திவைத்து என்னென்னவோ சொன்னார்கள். அதில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. மறக்காதது எல்லாம் மதாம் ஜினெட்டிடம் பட்டுத் தெரிந்துகொண்டவை.

மதாம் ஜினெட் எங்கள் பொறுப்பாளர். கியூபெக்கின் வடக்கே ஏதோ மரம் வெட்டும் ஊரிலிருந்து வந்தவர். நெடிய உருவம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர், ஓயாத இருமல். சிரித்து நான் கண்டது குறைவு. யாரையும் கட்டிப்பிடிக்கமாட்டார். கட்டிப்பிடிக்க விடவும் மாட்டார். வந்தவளுக்குக் கதவுக்குக் கிட்டிய கதிரையைக் கொடுத்துவிட்டு, எழும்பி ஓட நினைத்தால் ஓட வழி இருக்கட்டும் என்று தான் உள்ளே சுவர்ப்பக்கம் போய் இருப்பார். என்ன நடந்தது என்று முதலில் கேட்கமாட்டார். இன்றைக்கு இரவு எங்கே படுப்பாய் என்றுதான் கேட்பார். 'பயப்படாதே' என்ற சொல்லையும் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற சொல்லையும் எங்கள் வாயிலிருந்து வெட்டி எறிந்தவர் அவர்தான். உனக்கு அது தெரியுமா, தெரியாத ஒன்றை ஏன் சொல்கிறாய் என்று கேட்பார். எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவே இல்லை. கல்லுளிமங்கி என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன்.

நான் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போனது டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையற்கட்டில் கழுவல் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக. நம் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, செத்த வீடு என்றாலும் கலியாண வீடு என்றாலும் முதலில் தேத்தண்ணி. நானும் இஞ்சி போட்டு ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுபோய், அவளுடைய கையில் கப்பைக் கொடுக்கப் போனேன். மதாம் ஜினெட் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. தாதி வந்து வாய்க்குள் பஞ்சால் துடைத்து மாதிரி எடுக்கும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாதாம், சாட்சியம் கழுவுப்பட்டுப் போகுமாம். அதைப் பிறகு வெளியே நின்று புகைத்துக்கொண்டு இரண்டு வசனத்தில் சொன்னார். விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் வைத்திருக்கச் சம்பளம் வாங்கிய தமிழ்ச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குத்தான் மற்றதையும் பழகினேன். கழற்றிய உடுப்பைக் கடதாசிப் பையில் போடவேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் பிடித்துக் கெட்டுவிடும். பிறகு அவளுக்கு மூன்று வழிகளைச் சொல்லவேண்டும். இப்போதே போலீசைக் கூப்பிடலாம். அல்லது மாதிரிகளை எடுத்து முத்திரை வைத்து ஆஸ்பத்திரியிலேயே இரண்டு கிழமை வைத்திருக்கச் சொல்லிவிட்டு, யோசித்து முடிவெடுக்கலாம். அல்லது ஒன்றுமே வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்று போகலாம். இந்த மூன்றையும் ஒரே குரலில் சொல்லவேண்டும் என்பது மதாம் ஜினெட்டின் கட்டளை. ஒன்றைச் சொல்லும்போது குரல் ஏறி இன்னொன்றுக்கு இறங்கினால், முடிவெடுத்தது அவள் இல்லை, நீதான் என்பார். நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருக்கிறேன்.

அந்தப் பெண் நடு வழியை எடுத்தாள். இரண்டு கிழமை முடிகிற நேரம் தொலைபேசி எடுத்தேன். வேறொரு பெண் எடுத்து, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டாள். குரலுக்குப் பின்னால் நான் தேடிய பெண் இருமுவது எனக்குக் கேட்டது. அவளிடமிருந்து எடுத்த மாதிரிகளை விதிப்படி அழித்துவிட்டார்கள். இப்படி எத்தனையோ. வேலை பழகப் பழக மனம் மரத்துப் போகும் என்று சொல்வார்கள், எனக்கு அப்படி ஆகவில்லை. கோபம்தான் கூடிக்கொண்டு போனது.

இனி நிவேதாவின் கதைக்கு வருகிறேன்.

நிவேதா மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தாயோடு இருந்த பிள்ளை. தகப்பன் கொழும்பில் நோயில் செத்துப்போனார். தாய் கமலா ஆஸ்பத்திரி ஒன்றில் பகல் வேளையில் துப்புரவு வேலை. இருவரையும் கனடாவுக்குக் கூப்பிட்டவன் கமலாவின் தம்பி, அதாவது நிவேதாவின் தாய்மாமன். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தான். இரவில் உணவகச் சமையல் வேலை, பகலில் வீட்டில். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்போது தாய் வேலையில் இருப்பாள், மாமன் வீட்டில் இருப்பான். அதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. பதினொரு வயதில் தொடங்கியது. பன்னிரண்டு வயதில் பிள்ளை தாயிடம் சொன்னாள். தாய் வாயிலே அடித்தாள். அடித்தாள்தான், ஆனால் அந்தக் கிழமையே தம்பியை நோத்ர-டாம்-த-கிரேசில் வேறு வீடு பார்த்துப் போகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பிள்ளையிடமும் அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அளவில் எல்லாம் முடிந்தது என்று கமலா நினைத்தாள்.

மூன்று வருடம் போனபின் மாமனுக்கு வீட்டு ஒப்பந்தம் முடிந்து, கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில் வந்து நிற்கிறேன் என்று கேட்டான். கமலா ஓம் என்றுவிட்டாள். அடுத்த நாள் நிவேதா பள்ளிக்கூடத் தாதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தாதி இளையோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தார், அவர்கள் போலீசுக்கு அறிவித்தார்கள். பிள்ளை சொன்னதைக் காமிராவில் பதிந்தார்கள். தாய் இருபக்கமும் தளம்பியதால் பிள்ளையை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் நிலையத்துக்கு அவள் வந்தபோது பதினைந்து வயது. சோற்றைக் கண்டு மூன்று கிழமை என்று சொல்லிச் சிரித்தாள். மதாம் ஜினெட் அவளையும் கதவோரக் கதிரையில்தான் இருத்தினார்.

வழக்கு நீதிமன்றம் போக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரமெல்லாம் நான் அவளோடு போய் வந்தேன். நீதிமன்றத்து வெறும் அறையைக் காட்டிக்கொடுத்தேன், யார் எங்கே இருப்பார்கள் என்று சொன்னேன். மாமனின் முகத்தைப் பார்க்காமல் வேறு அறையிலிருந்து தொலைக்காட்சித் திரை வழியாகச் சாட்சி சொல்லலாம் என்பதற்கு அனுமதி வாங்கினோம். நான் பக்கத்தில் இருக்கலாம், பேசக்கூடாது, தொடக்கூடாது. குற்றவாளி என்று தீர்ப்பு வராவிட்டாலும் கிடைக்கக்கூடிய அரச நட்டஈட்டுக்கும் விண்ணப்பித்தோம். அதற்கு அப்போது ஒரு வருடக் கெடு. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பிள்ளையின் வயதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். மனநல ஆலோசகரிடம் போக அது உதவியது. இந்தக் கதையில் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

வழக்கில் எல்லாம் ஓர் இடத்தில் வந்து நின்றது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியனோடு கதைப்பதை மாமன் கண்டு தாயிடம் சொல்லிக்கொடுத்தானாம், அந்தக் கோபத்தில் இப்போதுதான் இப்படி ஒரு கதையைக் கட்டினாளாம். எதிர்த்தரப்பு வாதம் அதுதான். அரச வழக்கறிஞர் நல்ல கெட்டிக்காரி, சின்ன வயது. அவர் எனக்கு விளங்கப்படுத்தினார்: ஒருத்தி முன்பு வேறு ஒருவரிடம் சொன்னாள் என்பதைச் சாதாரணமாக நீதிமன்றம் கணக்கில் எடுக்காது, ஆனால் புதிதாகக் கட்டிய கதை என்று எதிர்த்தரப்பு சொல்வதால் இப்போது அதைக் கேட்கலாம். பன்னிரண்டு வயதிலேயே மகள் என்னிடம் சொன்னாள் என்று தாய் வந்து சொன்னால் அந்த வாதம் விழுந்துவிடும். உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கமலா.

நானும் அரச வழக்கறிஞரும் கமலாவின் வீட்டுக்குப் போனோம். அவள் நிறைய அழுதாள். தம்பி இல்லாவிட்டால் தாங்கள் இந்த நாட்டையே கண்டிருக்கமாட்டோம் என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுவன் அக்கா. பிள்ளை சொன்னவள்தான். நான் வந்து சொல்லுவன்" என்றாள். பிள்ளையிடம் அதைச் சொன்னபோது, அவள் என்னை நம்பாமல் திரும்பத் திரும்ப மூன்று தரம் கேட்டாள். பிறகு அம்மாவுக்குக் கொடுக்கும்படி தன் மோதிரம் ஒன்றைக் கழற்றித் தந்தாள். அது அவளுக்குத் தாய் வாங்கிக் கொடுத்தது. இப்போது தன் விரலுக்கு இறுக்கமாம். சாட்சி சொல்லும்போது தாய்க்குப் பிடித்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்றுதான் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

வழக்கு தொடங்கியது. பிள்ளை திரைக்கு முன்னால் இருந்து பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மதியத்துக்குப் பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். கத்துகிற ஆள் இல்லை, மென்மையான மனுசன். அவர் ஒரு பெரிய போட்டோ அல்பத்தைத் திறந்து, எங்கள் திரையில் தெரியும்படி காமிராவுக்குக் காட்டினார். வெல்வெட் அட்டை, பொன்னெழுத்து. கண்டவுடனே எனக்கு என்னவென்று விளங்கிவிட்டது.

அது நிவேதாவின் சாமத்தியச் சடங்கு அல்பம்.

தமிழ் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெண்பிள்ளை பெரியவளானால் முதலில் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கிறவன் தாய்மாமன். மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. பதின்மூன்று வயதில் நிவேதா பெரியவளானபோது கமலா மண்டபம் எடுத்துச் செய்தாள். ஒரே நகரத்தில் தாய்மாமன் இருக்க, வேறொருவனைக் கொண்டு பாலறுகு வைத்தால் வந்திருக்கிற சனம் முழுவதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காக, விஷயம் தெரிந்து ஒரு வருடம் ஆன பிறகு, வீட்டை விட்டு அனுப்பிய தம்பியைக் கமலாவே போய் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டாள். நிவேதா இதை எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அரச வழக்கறிஞருக்குக் கேட்கத் தெரிய வழியே இல்லை.

இது நீங்களா என்று கேட்டார் வழக்கறிஞர். ஓம். உங்கள் தலையில் இருக்கிற கை யாருடையது? மாமாவுடையது. நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? வீடியோ எடுக்கிற அண்ணை சிரிக்கச் சொன்னவர் என்றாள் பிள்ளை. யாராவது உங்களைப் பிடித்து வைத்திருந்தார்களா? இல்லை. எழும்பிப் போகலாம் என்று இருந்ததா? எங்கே போவது? சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேடையில் இருத்தி, எதிரே இருநூறு சனம். இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லத் தெரியும், ஆனால் பேசக்கூடாது. என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். வழக்கறிஞர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த படத்தில் அவள் குனிந்து மாமனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை நடைகூடத்தில் அரச வழக்கறிஞர் என்னைப் பிடித்துக்கொண்டு அந்தச் சடங்கு என்ன, ஏது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, அப்படியென்றால் தாய் நாளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றார். மகள் எனக்கு முன்பே சொன்னாள், தெரிந்துகொண்டே சனத்துக்குப் பயந்து அவனைக் கூப்பிட்டேன் என்று தாய் சொன்னால், அந்த அல்பம் எங்களுக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மதாம் ஜினெட் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, தாயிடமிருந்து நாம் கேட்பது முன்பு கேட்டதைவிடப் பெரிய விஷயம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கமலா கடும் நீலச் சேலையில் வந்தாள். மகளின் மோதிரம் அவளுடைய சுண்டுவிரலில் இருந்தது. சாட்சி சொல்லி முடிந்தபடியால் நிவேதாவும் கடைசி வாங்கில் என்னோடு இருந்தாள். மாமன் முன்வரிசையில், முதுகு மட்டும் தெரிந்தது. கமலா நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் சொன்னாள். பெயர், வேலை, எப்போது வந்தது என்பதெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பிறகு அரச வழக்கறிஞர், அந்தச் சடங்குக்கு முன்பு உங்கள் மகள் உங்கள் தம்பியைப்பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

கமலா மேசையில் கிடந்த அல்பத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அல்பத்தைத்தான் பார்த்தாள்.

"பிள்ளையள் எத்தினையோ சொல்லுவினம்," என்றாள். "எனக்கு ஞாபகம் இல்லை."

அரச வழக்கறிஞர் வேறு விதமாகக் கேட்டார், இன்னொரு விதமாகவும் கேட்டார். ஞாபகம் இல்லை. எங்கள் முன்னிலையில் வீட்டில் சொன்னீர்களே என்றதற்கும், அழுதுகொண்டு என்ன சொன்னேனோ தெரியாது என்றாள். தாய் தமிழில் சொன்னதை என் பக்கத்தில் இருந்த நிவேதா ஒரு தரம் கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் சொல்லப் பிரெஞ்சில் இன்னொரு தரம் கேட்டாள். இரண்டு மொழி தெரிந்ததற்கு அவளுக்குக் கிடைத்த தண்டனை அது.

இடைவேளையில் நான் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். கமலா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. மதாம் ஜினெட்டின் சட்டமெல்லாம் பறந்துவிட்டது. தம்பியைக் காப்பாற்றிப் போட்டாய் என்று தமிழில் சொன்னேன். அவள் திரும்பினாள். அழவில்லை.

"அவன் நாசமாப் போகட்டும் அக்கா. அவன் மறியல் வீட்டுக்குப் போனால் எனக்கென்ன?" என்றாள். "நான் தெரிஞ்சுகொண்டுதான் அவனைக் கூப்பிட்டனான் எண்டு சொல்லவேணும் அல்லோ. என்ர பிள்ளையின்ர தலையில அவன்ர கையை நான் எடுத்து வைச்சனான் எண்டு சொல்லவேணும். அதை எப்பிடி அக்கா என்ர வாயால சொல்லுறது?"

அவள் பொய் சொன்னது தம்பிக்காக இல்லை என்று தெரிந்தபிறகு எனக்கு அவளை வெறுக்கவும் வசதியில்லாமல் போயிற்று. கை துடைக்கக் கடதாசி முடிந்திருந்தது. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

சில கிழமை கழித்துத் தீர்ப்பு. நீதிபதி நெடுநேரம் வாசித்தார். பிள்ளை பொய் சொன்னாள் என்று தான் சொல்லவில்லை என்றார். ஏதோ நடந்திருக்கக்கூடும் என்றார். ஆனால் குற்றத்தை நிரூபிக்க அது போதாது, சந்தேகம் இருக்கும்வரை விடுவிக்க வேண்டியது சட்டம் என்றார். சட்டத்தில் பிழை சொல்ல எனக்கு வழி இல்லை. எத்தனையோ பேருக்கு அதை நானே ஒரே குரலில் விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டு இருக்கையில், இவ்வளவு காலமும் நான் பெண்களைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்ட இடம் இதுதானா என்று நினைத்தேன். எனக்குள் இருந்த நம்பிக்கை அங்கேயே போய்விட்டது. அதன்பிறகும் நிறைய வருடம் வேலை செய்தேன். நம்பிக்கை இல்லாமலும் வேலை செய்யலாம், செய்துதான் இருக்கிறேன்.

மதாம் ஜினெட் அன்று வேலையெல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தார். வெளியே வந்ததும் நிவேதாவிடம், நீ தோற்றுப்போனாய் என்று ஆட்கள் சொல்வார்கள், நீ வழக்காளி இல்லை, சாட்சி, சாட்சி தோற்பதில்லை என்றார். அது அவருடைய பழைய வசனம், நானும் கேட்டிருக்கிறேன். பிள்ளை, அப்படியென்றால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். மதாம் ஜினெட் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டார். எவரையும் தொடாத மனுசி அவர். அடுத்த வருடம் ஓய்வு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

நிவேதா பதினெட்டு வயது வரை அந்தப் பிரெஞ்சுக் குடும்பத்தோடு இருந்தாள். பிறகு தனியாக அறை எடுத்து, மூலைக்கடை ஒன்றில் மாலை வேலை செய்துகொண்டு கல்லூரிக்குப் போனாள். ஒரு நாள் அறிவிக்காமல் நிலையத்துக்கு வந்தாள். நன்றாக உயர்ந்திருந்தாள். சட்டத்தில் இன்னும் என்ன வழி மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். குற்ற வழக்கு முடிந்தது முடிந்ததுதான் என்றேன். நட்டம் கேட்டு மாமன்மேல் தனி வழக்குப் போடலாம், அதற்கு மூன்று வருடக் கெடு, அது முடிந்துவிட்டதா இல்லையா என்பதில் வாதம் உண்டு, அதிலும் தாய் வந்து சாட்சி சொல்லாவிட்டால் கடினம் என்றேன். அவள் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"அம்மாவுக்கு எதிரா வழக்குப் போடேலுமோ, அன்ரி?"

எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாததைச் சொல்லாதே என்பது பழகின பழக்கம். அவளை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தயங்காமல் சொன்னார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தும் காப்பாற்றாத தாய்மேல் வழக்குப் போடலாம். அதுமட்டுமில்லை, பிள்ளை பதினெட்டு வயதாகிப் பராயமடையும் வரை பெற்றோருக்கு எதிரான கெடு ஓடத் தொடங்காது, ஆகவே அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொலைபேசியை வைத்தேன். செய்தவனுக்கு எதிரான கதவு சாத்திக்கொண்டு வருகிறது, தாய்க்கு எதிரான கதவு மட்டும் அகலத் திறந்து கிடக்கிறது. இப்படி ஒரு சட்டத்தை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய் வழக்கறிஞர் சொன்னதை அப்படியே சொன்னேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"அப்ப ஏலும்," என்றாள்.

"ஓம், ஏலும்."

"அம்மா செய்தது பிழை எண்டு சட்டத்தில இருக்கு."

"இருக்கு, பிள்ளை."

"அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

எழும்பிக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டாள். வழக்கறிஞரின் இலக்கம் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். எங்கே அவசரமாகப் போகிறாய் என்று கேட்டேன். அவள் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வீட்டை போறன். நாளைக்கு அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். கூட்டிக்கொண்டு போக வேற ஆரும் இல்லை."